கிருமியைக் காட்டிக்கொடுத்த ஊதா!

உங்கள் வீட்டில் தாத்தாவோ பாட்டியோ இருந்தால் இன்றைக்கே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். "சின்ன வயசில் உங்களுக்குப் புண் வந்தால் என்ன மருந்து போடுவார்கள்?" என்று. பலரும் சிரித்துக்கொண்டே, "ஊதா மருந்துதான்! முழங்கால் ஊதா, கை ஊதா, சட்டையும் ஊதா!" என்பார்கள்.

அரசு ஆஸ்பத்திரிகளில் பெரிய பாட்டிலில் அது இருக்கும். கம்பவுண்டர் ஒரு குச்சியில் பஞ்சைச் சுற்றி, அந்த பாட்டிலுக்குள் முக்கி, புண்ணின் மேல் தடவி அனுப்புவார். 'ஜி.வி. பெயின்ட்' என்று சீட்டில் எழுதுவார்கள். பெயின்ட் என்றவுடன் சுவருக்கு அடிக்கும் பெயின்ட் என்று நினைத்துவிடாதீர்கள். தோலின் மேல் தடவும் மருந்துக்கு அப்படி ஒரு பெயர். ஜி.வி. என்பது ஜென்ஷன் வயலட் என்பதன் சுருக்கம். 100 மில்லி தண்ணீரில் அரை கிராம் அல்லது ஒரு கிராம் பொடியைக் கரைத்தால் மருந்து தயார். அவ்வளவுதான்!

இந்த மருந்துக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. பாக்டீரியா என்ற கிருமியையும் இது அழிக்கும், பூஞ்சையையும் அழிக்கும். இரண்டும் வேறு வேறு வகை உயிர்கள். ஒன்றை அழிக்கும் மருந்து மற்றொன்றை அழிப்பது அபூர்வம். அது மட்டுமா? இது முதலில் மருந்தே இல்லை. துணிக்குப் போடும் சாயம்! சாயம் எப்படி மருந்தானது? இத்தனை நல்ல மருந்தை இப்போது மருத்துவர்கள் ஏன் ஒதுக்கி வைக்கிறார்கள்? இரண்டு கேள்விக்கும் ஒரே பதில்தான். அது என்ன என்று பார்ப்போம், வாருங்கள்.

முதலில் பெயரைச் சொல்லிவிடுகிறேன். ஜென்ஷன் என்பது மலைப்பகுதிகளில் பூக்கும் ஒரு பூ. நல்ல ஊதாவும் நீலமும் கலந்த நிறம். இந்தச் சாயம் அந்தப் பூவின் நிறத்தில் இருந்ததால் ஜெர்மனியில் அதற்கு இந்தப் பெயரை வைத்தார்கள். பூவுக்கும் மருந்துக்கும் வேறு எந்தச் சம்பந்தமும் கிடையாது. பூவைப் பிழிந்து எடுத்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கரியிலிருந்து வந்த வண்ணம்

1856-ஆம் ஆண்டு. லண்டன் நகரில் வில்லியம் ஹென்றி பெர்கின் என்று ஒரு மாணவர். வயது 18. மலேரியா காய்ச்சலுக்கு அப்போது 'குயினைன்' என்ற மருந்துதான் கதி. அதை சிங்கோனா மரப்பட்டையிலிருந்துதான் எடுக்க வேண்டும். அதைச் செயற்கையாகச் செய்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று பெர்கின் நினைத்தார். ஈஸ்டர் விடுமுறையில் வீட்டிலேயே ஒரு சிறிய ஆய்வுக்கூடம் அமைத்து முயன்றார். நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் 'அனிலின்' என்ற பொருளை எடுத்து ஏதேதோ செய்தார். கிடைத்தது குயினைன் இல்லை. கறுப்பாக ஒரு கசடு!

கழுவிக் கொட்டிவிடலாம் என்று அதில் ஆல்கஹாலை ஊற்றினார். அடடா, கண்ணைப் பறிக்கும் ஊதா நிறம்! அதில் பட்டுத் துணியை முக்கினால் சாயம் ஏறியது, தோய்த்தாலும் போகவில்லை. உலகின் முதல் பெரிய செயற்கைச் சாயத் தொழில் இப்படித்தான் தொடங்கியது.

இங்கே உங்களுக்கு ஒரு சுவையான செய்தி. அனிலினை முதன்முதலில் பிரித்தெடுத்தது அவுரிச் செடியின் நீலச் சாயத்திலிருந்துதான். அவுரி நீலத்துக்குப் போர்ச்சுக்கீசிய மொழியில் 'அனில்' என்று பெயர். அந்தச் சொல் அரபு மொழி வழியாகப் போனது. அரபு மொழிக்கு எங்கிருந்து போனது தெரியுமா? நம் நாட்டின் 'நீலம்' என்ற சொல்லிலிருந்துதான்! வேதியியல் புத்தகத்தில் அனிலின் என்று படிக்கும்போது அதற்குள் நீலம் ஒளிந்திருப்பதைப் பாருங்கள்.

பெர்கினுக்குப் பிறகு எல்லாரும் புதுப்புதுச் சாயம் தேடக் கிளம்பிவிட்டார்கள். 1861-இல் பிரான்ஸ் நாட்டு வேதியியலாளர் சார்ல் லோத் இன்னொரு ஊதாவைக் கண்டுபிடித்தார். 'பாரிஸ் ஊதா' என்று அதற்குப் பெயர். நம் ஜென்ஷன் வயலட் இந்தக் குடும்பத்தில் பிறந்ததுதான். பொடியாக இருக்கும்போது பச்சையாக மின்னும். தண்ணீரில் விழுந்தவுடன் ஊதாவாக மாறும். ஒரு துளிப் பொடி ஒரு வாளித் தண்ணீரையே ஊதாவாக்கிவிடும்.

மையிலும் இந்தச் சாயக் குடும்பம் புகுந்தது. ஜெலட்டின் தட்டில் எழுத்தை ஒற்றி ஊதா மையில் நகல் எடுக்கும் முறை ஒன்று முன்பு உண்டு. நான் ஆசிரியர் பயிற்சி பெற்ற நாட்களில் அப்படி எடுத்த தாள்களைத் தொட்டுவிட்டுச் சாப்பிடப் போனால் மோர்ச் சாதத்துக்கே ஊதா ஏறிவிடும்!

கண்ணுக்குத் தெரியாததைப் பார்ப்பது எப்படி?

பாக்டீரியா எவ்வளவு சிறியது தெரியுமா? ஆயிரம் பாக்டீரியாக்களை வரிசையாக நிற்க வைத்தால் ஒரு மில்லிமீட்டர் நீளம் வரும். உங்கள் ஸ்கேலில் இருக்கும் இரண்டு குட்டிக் கோடுகளுக்கு நடுவே ஆயிரம் பேர்! மைக்ராஸ்கோப் வைத்துப் பார்த்தாலும் சட்டென்று தெரியாது. ஏனென்றால் அவற்றுக்கு நிறம் கிடையாது. தண்ணீருக்குள் கண்ணாடித் துண்டு கிடந்தால் தெரியுமா? அதுபோலத்தான்.

அதனால் ஆராய்ச்சியாளர்கள் துணிச் சாயத்தைக் கடன் வாங்கினார்கள். கிருமிக்குச் சாயம் போட்டால் நன்றாகத் தெரிந்தது. ஆனால் ஒரு தொல்லை. நுரையீரல் துண்டு ஒன்றை எடுத்துச் சாயம் போட்டால், கிருமியும் ஊதா, நுரையீரலும் ஊதா. திருடனும் போலீசும் ஒரே சட்டை போட்டுக்கொண்டு கூட்டத்தில் நின்றால் யாரைப் பிடிப்பது?

இந்தச் சிக்கலோடு 1884-இல் ஜெர்மனியின் பெர்லின் நகரில் ஓர் இளம் மருத்துவர் உட்கார்ந்திருந்தார். பெயர் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம். டென்மார்க் நாட்டுக்காரர். நிமோனியா காய்ச்சலில் இறந்தவர்களின் நுரையீரலைச் சோதிப்பது அவர் வேலை. முதலில் ஜென்ஷன் வயலட் சாயத்தை ஊற்றினார். பிறகு அயோடின் கலந்த நீரை ஊற்றினார். கடைசியாக ஆல்கஹாலால் கழுவினார். நுரையீரலில் இருந்த ஊதா எல்லாம் கரைந்து ஓடிவிட்டது. கிருமிகள் மட்டும் ஊதாவாகவே நின்றன! திருடன் மாட்டிக்கொண்டான்.

ஆனால் எல்லாத் திருடர்களும் மாட்டவில்லை. சில கிருமிகள் ஊதாவைப் பிடித்துக்கொண்டன. டைபாய்டு கிருமி போன்ற சில, ஊதாவை விட்டுவிட்டன. கிராம் இதை ஒரு குறையாகவே நினைத்தார். இந்த முறையில் நிறையக் குறை இருக்கிறது, யாருக்காவது பயன்படட்டும் என்றுதான் வெளியிடுகிறேன் என்ற பொருளில் தன் கட்டுரையில் எழுதினார். அடக்கமான மனிதர்! அவர் குறை என்று நினைத்ததுதான் அதன் பெரிய சிறப்பாகிவிட்டது. உலகத்துப் பாக்டீரியாக்களில் மிகப் பெரும்பாலானவற்றை இரண்டு கட்சியாகப் பிரித்துவிடலாம் அல்லவா? ஊதாவைப் பிடித்துக்கொள்பவை 'கிராம் பாசிட்டிவ்'. விட்டுவிடுபவை 'கிராம் நெகட்டிவ்'. கிராம் என்றால் எடை போடும் கிராம் இல்லை. இந்த டாக்டரின் பெயர்! இன்றும் ஆஸ்பத்திரி லேப்களில் இதே ஊதாவை வைத்து இதே சோதனையைச் செய்கிறார்கள்.

ஏன் சில பிடிக்கின்றன, சில விடுகின்றன? எல்லாம் கிருமி போட்டிருக்கும் சட்டையைப் பொறுத்தது. கிராம் பாசிட்டிவ் கிருமிக்குத் தடித்த சுவர். ஜமுக்காளத்தில் மை கொட்டினால் எவ்வளவு கழுவினாலும் உள்ளே நின்றுவிடும் இல்லையா, அதுபோல. கிராம் நெகட்டிவ் கிருமிக்குச் சுவர் மெல்லியது. அதற்கு வெளியே கொழுப்பால் ஆன இன்னொரு போர்வையும் உண்டு. ஆல்கஹால் பட்டவுடன் அந்தக் கொழுப்பு கரையும். மெல்லிய கைக்குட்டையை அலசினால் மை போவதுபோல ஊதாவும் போய்விடும். இந்தக் கொழுப்புப் போர்வையைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மறுபடியும் வரப்போகிறது.

சாயம் கொல்லுமா?

கிருமியின் மேல் சாயம் ஒட்டுகிறது என்று தெரிந்தது. சரி, ஒட்டினால் கிருமிக்கு என்ன ஆகும்? 1890-இல் யாக்கோப் ஸ்டில்லிங் என்ற கண் மருத்துவர் இந்த ஊதா கிருமியைக் கொல்கிறது என்று அறிவித்தார். மெர்க் என்ற ஜெர்மன் கம்பெனி 'பயோக்டானின்' என்ற பெயரில் அதை விற்றது. கிரேக்க மொழியில் 'சீழைக் கொல்வது' என்று பொருள். பெயர் பெரிதுதான், ஆனால் எந்தக் கிருமிக்கு அது ஏற்றது, எதற்கு ஏற்காது என்பது அப்போது தெரியவில்லை.

அதைத் தெளிவாக்கியவர் ஜான் சர்ச்மேன் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர். அவர் செய்த சோதனை உங்களுக்கு மிகவும் பிடிக்கும். அவ்வளவு எளிது! கிருமி வளர்க்கும் வட்டத் தட்டு ஒன்றை எடுத்துக்கொண்டார். அதில் ஜெல்லி போன்ற உணவு இருக்கும். தட்டை நடுவே இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் வெறும் ஜெல்லி, மறு பாதியில் ஊதா கலந்த ஜெல்லி. இப்போது கிருமியைத் தொட்ட கம்பியால் இந்தப் பாதியிலிருந்து அந்தப் பாதிவரை ஒரு கோடு இழுத்தார். பல வகைக் கிருமிகளுக்கும் பல கோடுகள். பிறகு வளர விட்டார்.

சில கோடுகள் முழுநீளத்துக்கும் வளர்ந்தன. ஊதா இருக்கிறதே என்ற பயமே இல்லை! சில கோடுகள் வெறும் ஜெல்லியில் நன்றாக வளர்ந்து, ஊதாவின் எல்லைக்கு வந்ததும், கத்தரியால் வெட்டியதுபோல் நின்றுவிட்டன. எவை நின்றன என்று பார்த்தால், கிட்டத்தட்ட எல்லாம் கிராம் பாசிட்டிவ். எவை தாண்டின என்று பார்த்தால், பெரும்பாலும் கிராம் நெகட்டிவ். 1912-இல் சர்ச்மேன் இதை வெளியிட்டார்.

புரிகிறதா குழந்தைகளே? எந்தக் கிருமி ஊதாவைப் பிடித்துக்கொள்கிறதோ, அதையே ஊதா கொல்கிறது! காட்டிக்கொடுத்த சாயமே தண்டனையும் கொடுத்துவிட்டது. கிராம் நெகட்டிவ் கிருமியை அந்தக் கொழுப்புப் போர்வை காப்பாற்றுகிறது. சாயத்தை எளிதில் உள்ளே விடாமல் வாசலிலேயே நிறுத்திவிடுகிறது.

ஊதா எப்படிக் கொல்கிறது என்பதற்கு ஒரு சின்ன விளையாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் சீப்பை உலர்ந்த தலைமுடியில் தேய்த்துக் காகிதத் துணுக்குகள் பக்கத்தில் கொண்டு போனால், அவை ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும் அல்லவா? மின்தன்மையால் வரும் ஈர்ப்பு அது. ஜென்ஷன் வயலட்டின் துகளுக்கு நேர்மின் தன்மை உண்டு. உயிருள்ள செல்லின் முக்கியமான பாகங்கள் பலவற்றுக்கு எதிர்மின் தன்மை. செல்லின் குறிப்பேடு என்று சொல்கிறார்களே, டி.என்.ஏ., அதற்கும் எதிர்மின் தன்மைதான். ஊதா ஓடிப்போய் ஒட்டிக்கொள்ளும். குறிப்பேட்டின் பக்கங்கள் எல்லாம் கோந்து தடவி ஒட்டிக்கொண்டால் யார் படிப்பது? கிருமி வளர முடியாமல் நின்றுபோகும்.

நம் தோலில் புண் உண்டாக்கும் கிருமிகளில் இரண்டு மிகவும் முக்கியமானவை. ஒன்று ஸ்டெஃபைலோகாக்கஸ், மைக்ராஸ்கோப்பில் திராட்சைக் குலைபோல் கூட்டமாகத் தெரியும். இன்னொன்று ஸ்ட்ரெப்டோகாக்கஸ், மணிமாலைபோல் வரிசையாகத் தெரியும். பள்ளிப் பிள்ளைகளுக்கு மூக்கோரத்திலும் வாயோரத்திலும் கொப்புளம் வந்து உடைந்து, தேன் நிறத்தில் பொருக்குத் தட்டுமே, அது இந்த இருவரின் வேலை. இரண்டுமே கிராம் பாசிட்டிவ்! அதனால்தான் கம்பவுண்டரின் பஞ்சுக் குச்சி அவ்வளவு நன்றாக வேலை செய்தது.

பூஞ்சையும் தப்பவில்லை

இனி பூஞ்சைக்கு வருவோம். பழைய ரொட்டியில் பச்சையாகப் பிடிக்கிறதே, அந்தக் குடும்பம். பாக்டீரியாவைவிட மிகப் பெரியது, அமைப்பும் வேறு. நம் உடம்பில் வழக்கமாகவே குடியிருக்கும் ஒரு பூஞ்சை உண்டு. 'கேண்டிடா' என்று பெயர். நாம் நன்றாக இருக்கும்வரை அதுவும் சமர்த்தாக இருக்கும். ஈரமும் வெதுவெதுப்பும் கிடைத்தாலோ உடம்பில் எதிர்ப்புச் சக்தி குறைந்தாலோ பெருகிவிடும். கைக்குழந்தைகளின் நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தயிர் ஒட்டியதுபோல் வெள்ளைத் திட்டு வரும். துடைத்தால் எளிதில் போகாது. இந்த வெண்படலத்தை உண்டாக்குவது கேண்டிடாதான். ஜென்ஷன் வயலட் இந்தப் பூஞ்சையையும் விடுவதில்லை. குழந்தையின் வாய்க்கு மட்டும் இன்னும் நீர்த்த மருந்தாகக் கொடுத்தார்கள். வாயெல்லாம் ஊதாவாக, நாவல் பழம் தின்றதுபோல் அந்தக் குழந்தை சிரிக்கும்!

நடவு நாட்களில் நாள் முழுவதும் சேற்றில் நிற்பவர்களின் கால் விரல் இடுக்கில் வெள்ளையாக ஊறி, வெடித்து, எரிச்சல் எடுக்கும். சேற்றுப்புண் என்பார்கள். முதலில் பூஞ்சை இடம் பிடிக்கும். வெடித்த தோல் வழியாகப் பின்னாலேயே பாக்டீரியாவும் நுழைந்துவிடலாம். இருவரையும் ஒரே மருந்து கவனித்துக்கொள்ளும் என்றால் எவ்வளவு வசதி! விலையோ மிகக் குறைவு. குளிர்ப்பெட்டி வேண்டாம். சின்னஞ்சிறு ஊர்களின் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இது இருந்ததற்குக் காரணம் அதுதான்.

சாயத்தை மருந்தாக்கியது இது ஒன்று மட்டும் என்று நினைக்காதீர்கள். இதே குடும்பத்துச் செஞ்சாயம் ஒன்றைப் பூஞ்சை நோய்க்குப் பயன்படுத்தினார் அல்டோ காஸ்டெல்லானி என்ற இத்தாலிய மருத்துவர். 1903-இல் இலங்கைக்கு வந்து, கொழும்பில் பல ஆண்டுகள் தங்கி, வெப்ப நாடுகளில் வரும் தோல் நோய்களை ஆராய்ந்தவர் அவர். 'காஸ்டெல்லானி பெயின்ட்' என்று அந்த மருந்து அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

தென் அமெரிக்காவில் ஜென்ஷன் வயலட்டுக்கு இன்னும் பெரிய வேலை கொடுத்தார்கள். அங்கே சாகஸ் நோய் என்று ஒன்று உண்டு. ஒரு வகைப் பூச்சியால் பரவும். அந்த நோய்க் கிருமி உள்ளவர் ரத்தம் கொடுத்தால், பெற்றுக்கொள்பவருக்கும் நோய் வந்துவிடும். 1950-களில் பிரேசில் நாட்டு ஆராய்ச்சியாளர்கள், சேமித்த ரத்தத்தில் இந்த ஊதாவைக் கலந்து வைத்தால் கிருமி செத்துவிடுகிறது என்று காட்டினார்கள். அதன்படி பல இடங்களில் செய்தார்கள். ரத்தம் ஊதாவாகிவிடும்! பிறகு ரத்தத்தைச் சோதித்தே கிருமியைக் கண்டறியும் வசதி வந்தபின் இந்த வழக்கம் குறைந்துவிட்டது.

ஒட்டுவது நல்லதா, கெட்டதா?

இவ்வளவு புகழ்ந்தாயிற்று. இனி மறுபக்கம்.

ஊதா மருந்தின் பலமே ஒட்டிக்கொள்வதுதான் என்று பார்த்தோம். கிருமியின் டி.என்.ஏ.யில் ஒட்டும் என்றால், நம் செல்லின் டி.என்.ஏ.யில் ஒட்டாதா? ஒட்டும்! சாயத்துக்குக் கிருமி யார், குழந்தை யார் என்று தெரியாது. தோலின் மேற்புறத்தில் இருப்பவை செத்த செல்கள். அவற்றின் மேல் ஒட்டினால் பாதகம் இல்லை. ஆனால் ஆழமான காயத்திலோ வாய்க்குள்ளோ பட்டால் அங்கே உயிருள்ள செல்கள் இருக்கின்றனவே.

1980-களில் அமெரிக்காவில் எலிகளுக்கு உணவோடு இந்தச் சாயத்தைக் கலந்து இரண்டு ஆண்டுகள் கொடுத்துப் பார்த்தார்கள். அதிகமாகச் சாப்பிட்ட சுண்டெலிகளுக்குக் கல்லீரலில் புற்றுநோய் வந்தது. இதைக் கேட்டு, "ஐயோ, பாட்டிக்கு அந்த மருந்து போட்டார்களே!" என்று பயந்துவிடாதீர்கள். எலிகள் அதைத் தினமும் ஆயுள் முழுவதும் தின்றன. பாட்டிக்குச் சில நாள் தோலில் தடவினார்கள். இரண்டும் ஒன்றல்ல. மனிதர்களுக்கு இதனால் புற்றுநோய் வந்தது என்று நிரூபணம் ஆகவும் இல்லை. ஆனால் வேறு நல்ல மருந்து இருக்கும்போது இந்தச் சந்தேகத்தோடு எதற்கு இதைப் பயன்படுத்த வேண்டும் என்று மருத்துவர்கள் யோசித்தார்கள். என்னைக் கேட்டால் அது சரியான யோசனைதான். 2019-இல் கனடா நாட்டுச் சுகாதாரத் துறை இந்த மருந்தைப் பயன்படுத்துவதை நிறுத்துமாறு மக்களுக்கு அறிவுறுத்தியது. பிரிட்டனில் காயம் இல்லாத தோலில் மட்டும்தான் தடவலாம் என்று வைத்திருக்கிறார்கள்.

இன்னும் இரண்டு தொல்லைகள். ஆறிவரும் பச்சைப் புண்ணில் ஊதாவைப் பூசினால், சாயம் உள்ளேயே தங்கி, பச்சை குத்தியதுபோல் நிரந்தர அடையாளம் ஆகிவிடலாம். முகத்தில் அப்படி ஆனால் என்ன செய்வது? இரண்டாவது, புண் சிவந்திருக்கிறதா, சிவப்பு பரவுகிறதா என்று பார்த்துத்தான் மருத்துவர் முடிவு செய்வார். ஊதாவைப் பூசி மறைத்துவிட்டால் அவர் எதைப் பார்ப்பார்?

வேறு மருந்துகளும் வரிசையாக வந்துவிட்டன. பாக்டீரியாவுக்கு 1940-களில் பென்சிலின் வந்தது. பூஞ்சைக்கு 1950-இல் 'நிஸ்டாடின்' வந்தது. அதைக் கண்டுபிடித்தவர்கள் எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்ற இரண்டு பெண் விஞ்ஞானிகள். நியூயார்க் மாநிலத்தின் நினைவாகத்தான் அந்தப் பெயர் வைத்தார்கள். பிறகு 'க்ளோட்ரிமசோல்' போன்ற களிம்புகளும் வந்தன. பூசினால் நிறமே தெரியாது. யாருக்குப் பிடிக்காது?

ஆனாலும் ஊதாவின் கதை முடியவில்லை. பாக்டீரியாக்கள் பல நவீன மருந்துகளுக்குப் பழகிவிட்டன. மருந்து கொடுத்தாலும் சாவதில்லை. அதனால் ஆராய்ச்சியாளர்கள் சிலர் இந்தப் பழைய சாயத்தை மீண்டும் திரும்பிப் பார்க்கிறார்கள். வேறு மருந்து கிடைக்காத இடங்களில் மருத்துவர்கள் இதை இன்னும் பயன்படுத்துவதும் உண்டு.

உங்களுக்கு அரிப்பு வந்தால்?

இப்போது உங்களிடம் நேராகவே பேசுகிறேன். வகுப்பில் ஊதா மருந்து பூசிக்கொண்டு வரும் பிள்ளையைப் பார்த்ததும் மற்றவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு தள்ளி உட்காருவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். 'ஊதாக்காய்' என்று பட்டப்பெயர்கூட வைத்துவிடுவார்கள். அந்தப் பிள்ளை என்ன செய்யும் தெரியுமா? அடுத்த முறை புண் வந்தால் யாரிடமும் சொல்லாது. சட்டைக்குள் மறைத்துக்கொள்ளும். மறைத்த புண்தான் பெரிதாகும், மற்றவருக்கும் பரவும். மருந்து போட்டுக்கொண்டு வருகிற பிள்ளையைவிட, மருந்தே போடாமல் மறைத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருகிற பிள்ளையிடமிருந்துதான் உங்களுக்கு ஒட்டிக்கொள்ள வாய்ப்பு அதிகம். யோசித்துப் பாருங்கள்!

தொடையிலோ இடுப்பிலோ வட்டமாக, ஓரம் மட்டும் சிவந்து தடித்து, நடுவில் தெளிந்தாற்போல் அரிப்பு வந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம். இதுவும் பூஞ்சைதான். ஆனால் கேண்டிடா இல்லை. நம் தோலிலும் முடியிலும் நகத்திலும் உள்ள 'கெரட்டின்' என்ற பொருளைத் தின்று வாழும் வேறு பூஞ்சை. கூச்சப்படாமல் அம்மாவிடமோ அப்பாவிடமோ காட்டுங்கள். டாக்டரிடம் போகச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டு அக்காவின் களிம்பையோ மாமா மிச்சம் வைத்த டியூபையோ எடுத்துப் பூசாதீர்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? கடைகளில் விற்கும் சில களிம்புகளில் 'ஸ்டீராய்டு' என்ற மருந்து கலந்திருக்கும். பூசியவுடன் அரிப்பும் சிவப்பும் மாயமாகிவிடும். "ஆஹா, குணமாகிவிட்டது" என்று நினைப்போம். உண்மையில் என்ன நடக்கிறது? வீட்டில் தீப்பிடித்தால் மணி அடிக்கும் கருவி இருக்கிறதே, அதன் ஒயரைப் பிடுங்கிவிட்டதுபோல்தான். மணி நின்றுவிடும், தீ எரிந்துகொண்டே இருக்கும். பூஞ்சை சத்தமில்லாமல் பரவும். களிம்பை நிறுத்தினால் முன்பைவிடப் பெரிதாக வரும். இதனால் நம் நாட்டில் படர்தாமரை தீராத தொல்லையாகி, 2018-இல் மத்திய அரசு ஸ்டீராய்டு கலந்த 14 வகைக் களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று உத்தரவு போட்டது. வழக்கமான மருந்துக்கு அடங்காத புது வகைப் பூஞ்சை ஒன்றும் நம் பக்கத்தில் பரவியிருக்கிறது. 2020-இல் ஜப்பான் ஆராய்ச்சியாளர்கள் அதற்கு ஒரு தனிப் பெயர் வைத்தார்கள். அந்தப் பெயருக்குள்ளேயே இந்தியா இருக்கிறது: 'ட்ரைக்கோஃபைட்டான் இண்டோடினியே'. பெருமைப்படும் விஷயமா இது?

டாக்டர் நான்கு வாரம் பூசச் சொன்னால் நான்கு வாரமும் பூச வேண்டும். அரிப்பு நின்றதும் பூஞ்சை முழுவதும் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. துண்டு, சீப்பு, உள்ளாடை ஆளுக்கு ஒன்று. ஈரமான உடையை மாற்றாமல் இருக்காதீர்கள். விரல் இடுக்கைத் துடைக்க மறக்காதீர்கள். குளித்துவிட்டு ஓடும்போது அதை மட்டும் விட்டுவிடுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும்!

கடைசியாக, வகுப்பில் ஏராளமான பிள்ளைகள் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்று பாக்கி இருக்கிறது. "ஐயா, ஓட்டுப் போட்டால் விரலில் வைக்கிறார்களே, அது ஊதா மருந்துதானே?" இல்லை. தேர்தல் மையில் இருப்பது வெள்ளி நைட்ரேட். தோலில் உள்ள உப்போடு சேர்ந்து, வெளிச்சம் பட்டதும் கருத்துவிடும். 1962 பொதுத்தேர்தல் முதல் மைசூரில் இருக்கும் தொழிற்சாலையில் அதைத் தயாரிக்கிறார்கள். ஆனால் போலீசாரிடம் நம் ஊதாவுக்கு உண்மையாகவே ஒரு வேலை உண்டு. திருடன் ஒட்டும் டேப்பைத் தொட்டுவிட்டுப் போனால், அதன் பசைப் பக்கத்தில் ஜென்ஷன் வயலட் கரைசலை ஊற்றி அலசுவார்கள். விரலில் இருந்து உதிர்ந்த தோல் செல்களும் எண்ணெய்ப் பசையும் ஊதாவைப் பிடித்துக்கொள்ளும். கைரேகை பளிச்சென்று தெரியும்!

சரி, விரலில் பட்ட ஊதா மருந்து சோப்புப் போட்டாலும் போகாது. ஆனால் சில நாளில் தானாகவே மறைந்துவிடும். எங்கே போகிறது? சாயம் கரைந்து போவதில்லை. அது ஒட்டியிருந்த மேல்தோல் செல்கள் தினமும் கண்ணுக்குத் தெரியாத துகளாக உதிர்கின்றன. அவற்றோடு சேர்ந்து ஊதாவும் உதிர்ந்துவிடுகிறது. அடியில் இருந்து புதுத் தோல் மேலே வந்துவிடுகிறது.